'லவ் அண்ட் டான்சிங்': ஒலிநாடாவை வெட்டி ஒட்டிச் செய்த நடன ஆல்பம்

கேள்வி இதுதான்: "ஹியூமன் லீக் குழுவின் 'டேர்' ஆல்பத்தை மிகவும் விரும்பிக் கேட்கிறேன். அதன் பாடல்களையே நடனத்துக்காக மாற்றிக் கலந்து 1982இல் வெளியிட்ட 'லவ் அண்ட் டான்சிங்' ஆல்பத்தையும் கேட்பதற்குத் தனியாக ஏதேனும் காரணம் உண்டா? விற்ற பாட்டையே மறுபடி விற்கும் வேலைதானே ரீமிக்ஸ் ஆல்பம் என்பது?"

பல ரீமிக்ஸ் ஆல்பங்களைப் பொறுத்தவரை இந்தச் சந்தேகம் நியாயமானதுதான். இந்த ஒன்றுக்கு அது பொருந்தாது. 'டேர்' எந்த முறையில் உருவானதோ அந்த முறையே இப்படியொரு ஆல்பத்துக்கு வழிவிட்டது என்பதும், பாடியவர்களும் வாசித்தவர்களும் ஒதுங்கி நிற்க ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர் ஒருவரே முழு ஆல்பத்துக்கும் இசையமைப்பாளர் ஆன அரிய நிகழ்வு இது என்பதும் என் கருத்து. அதை விளக்குவதற்குக் குழுவின் கதையை மட்டும் சொன்னால் போதாது. இயந்திரங்களைப் பற்றியும், ஒலிநாடாவைப் பற்றியும், பிளேடைப் பற்றியும்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழ்த் திரையிசையில் ரீமிக்ஸ் என்றால் பழைய பாடலைப் புதிய குரலில், புதிய தாளத்தோடு மறுபடி பாடிப் பதிவு செய்வது என்றே பொருள் நிலைத்துவிட்டது. அது உண்மையில் மறுபதிவு. ரீமிக்ஸ் என்ற சொல்லின் மூலப்பொருள் வேறு. ஒரு பாடல் பதிவாகும்போது டிரம் ஒரு டிராக்கிலும் (ஒலித்தடத்திலும்), பேஸ் என்னும் கீழ்ச்சுருதி இசை ஒரு டிராக்கிலும், குரல் வேறொரு டிராக்கிலுமாகத் தனித்தனியே அகன்ற ஒலிநாடாவில் பதிவாகின்றன. இவற்றை எந்த அளவில், எந்த எதிரொலியோடு, இடப்பக்கமா வலப்பக்கமா என்று தீர்மானித்து இரண்டே டிராக்குகளாகச் சேர்ப்பது கலவை. அதே மூல நாடாவை எடுத்து, அதே குரலையும் அதே வாசிப்பையும் வைத்துக்கொண்டு, வேறு விதமாகக் கலப்பதுதான் மறுகலவை. 'லவ் அண்ட் டான்சிங்' இந்தக் கண்டிப்பான பொருளில் மறுகலவை. அதில் கேட்பதெல்லாம் 'டேர்' பதிவுகளின் காலத்தில் நாடாவில் ஏற்கெனவே இருந்தவைதான்.

ஹியூமன் லீக் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் 1977இல் உருவான குழு. எஃகுத் தொழிற்சாலைகளின் ஊர் அது. மார்ட்டின் வேர், இயன் கிரெய்க் மார்ஷ் என்ற இருவரும் சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவிகளைக் கொண்டே இசை செய்ய முற்பட்டு, ஃபிலிப் ஓக்கி என்ற நண்பரைப் பாடகராகச் சேர்த்துக்கொண்டனர். மேடையில் படத்தகடுகளை (ஸ்லைடுகளை) திரையில் காட்டுவதற்கென்றே ஏட்ரியன் ரைட் என்பவரும் குழுவின் உறுப்பினராக இருந்தார். விமர்சகர்கள் மதித்தார்கள், ஆனால் இசைத்தட்டுகள் விற்கவில்லை. 1980இல் குழு உடைந்தது. வேரும் மார்ஷும் விலகிப் போய் 'ஹெவன் 17' குழுவைத் தொடங்கினர். பெயர் ஓக்கியிடமும் ரைட்டிடமும் மிஞ்சியது. பெயரோடு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட சுற்றுப்பயணமும் கடன்களும் மிஞ்சின. ஷெஃபீல்டின் 'கிரேஸி டெய்ஸி' நடன விடுதியில் ஆடிக்கொண்டிருந்த ஜோஆன் கேத்தரால், சூசன் ஆன் சல்லி என்ற இரண்டு பள்ளி மாணவிகளைப் பார்த்து, மேடையில் ஆடிப் பாடுவதற்கு ஓக்கி அழைத்தது இந்த நெருக்கடியில்தான். பின்னர் இயன் பர்டனும், ரெசில்லோஸ் குழுவில் கிதார் வாசித்த ஜோ கேலிஸும் வந்து சேர்ந்தனர். நடன விடுதியிலிருந்தே உறுப்பினர்களைப் பெற்ற குழு, இரண்டே ஆண்டுகளில் நடன விடுதிக்கென்று ஓர் ஆல்பம் வெளியிட்டது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

இந்தப் புதிய அணியை வெர்ஜின் இசைத்தட்டு நிறுவனம் மார்ட்டின் ரஷன்ட் என்ற தயாரிப்பாளரிடம் ஒப்படைத்தது. ஸ்ட்ராங்லர்ஸ், பஸ்காக்ஸ் போன்ற பங்க், நியூ வேவ் என்ற எழுபதுகளின் பிற்பகுதி ராக் பாணிக் குழுக்களின் கிதார் இசையைப் பதிவு செய்து பெயர் பெற்றிருந்த ரஷன்ட், அந்நேரத்தில் கிதார்களை விட்டு மின்னணு இசையின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். பெர்க்ஷயர் மாவட்டத்தின் ஸ்ட்ரீட்லியில் 'ஜெனடிக்' என்ற பெயரில் சொந்த ஒலிப்பதிவுக்கூடம் அமைத்து, புதிய இயந்திரங்களைப் பெருஞ்செலவில் வாங்கி வைத்திருந்தார். பஸ்காக்ஸின் பீட் ஷெல்லியோடு அங்கே அவர் செய்து பார்த்த சோதனைகள் 'ஹோமோசேப்பியன்' என்ற பாடலாக 1981இல் வெளிவந்தன. ஹியூமன் லீக் அவரிடம் வந்தபோது கருவிகளும் தயார், அவற்றைக் கையாளும் பழக்கமும் தயார்.

அந்தக் கருவிகளில் இரண்டைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஒன்று ரோலண்ட் நிறுவனம் 1977இல் கொண்டுவந்த எம்.சி-8 மைக்ரோகம்போசர். பார்ப்பதற்குக் கணக்குப்பொறி போன்றது. அதில் சுரத்தை வாசிக்க முடியாது, எண்ணாகத்தான் தட்டிக் கொடுக்க வேண்டும். இந்தச் சுரம் இத்தனை உயரம், அடுத்த சுரம் வர இத்தனை நேரம், இதில் ஒலி நீடிப்பது இத்தனை நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்கள். நான்கு நிமிடப் பாடலின் ஒரு பேஸ் வரிசையை உள்ளிடுவதற்கே மணிக்கணக்காகும். சேமித்து வைக்கக் கேசட்டைப் பயன்படுத்தினார்கள். மற்றொன்று ரோஜர் லின் வடிவமைத்து 1980இல் வெளியான எல்.எம்-1 டிரம் மெஷின். அதற்கு முன்பிருந்த டிரம் மெஷின்கள் மின்சுற்றால் 'டிக்', 'டஸ்' என்று போலி ஒலி எழுப்பின. எல்.எம்-1 உண்மையான டிரம்களின் ஒலியைச் சில்லுகளில் பதிந்து வைத்து வாசித்தது. ஏறத்தாழ 5,000 டாலர் விலை. நினைவகம் அன்று விலை மிகுந்த பொருள் என்பதால், நீண்டு ஒலிக்கும் பெரிய சிம்பல்களின் (உலோகத் தாளத்தட்டுகளின்) ஒலி அதில் இல்லை. 'டேர்' ஆல்பத்தின் தாளம் கூர்மையாகவும் வெட்டு வெட்டாகவும் கேட்பதற்கும், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் இத்தனை வெற்றிடம் இருப்பதற்கும் இந்தக் குறையும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். சிம்பலின் நீண்ட அதிர்வு இல்லாத இடத்தில் பிளேடை வைப்பது எளிது என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

'டேர்' உருவான முறையே இந்த ஆல்பத்துக்கு வழிவிட்டது என்று நான் சொன்னதற்கு அடிப்படை இதுதான். மனிதர் டிரம் வாசித்தால், எவ்வளவு தேர்ந்தவராயினும், பாட்டின் உணர்ச்சிக்கேற்பக் காலப்பிரமாணம் இம்மியளவு முன்பின் அசையும். பல்லவியில் கொஞ்சம் ஓடும், சரணத்தில் கொஞ்சம் தளரும். அத்தகைய பதிவில் இரண்டாம் நிமிடத்துத் துண்டை வெட்டி நான்காம் நிமிடத்தில் ஒட்டினால் தாளம் இடறும். 'டேர்' பாடல்களிலோ தாளம், பேஸ், சிந்தசைசர் வரிசைகள் ஆகியவற்றை இயந்திரங்களே நடத்தின. எந்த அடியை எங்கே நகர்த்தினாலும் அது பொருந்தும். பாட்டு முழுவதும் ஒரே அளவில் அறுத்த செங்கற்கள்போல் இருந்தது. பிரித்தெடுத்து வேறொரு கட்டடம் எழுப்ப அதைவிடத் தோதான பொருள் கிடையாது. அதே காலத்தில் புகழ்பெற்ற டுரான் டுரான் குழு தன் பாடல்களின் நீண்ட நடன வடிவங்களை 'நைட் வெர்ஷன்' என்ற பெயரில் வெளியிட்டது. ஆனால் டிரம் வாசிக்க ரோஜர் டெய்லர் இருந்த அந்தக் குழு, நீண்ட வடிவத்தைத் தனியே அமைத்து மறுபடி வாசித்தே பதிவு செய்தது. இரண்டும் நல்ல வழிகள்தான். இயந்திரக் குழுவுக்கு மட்டும் வெட்டி ஒட்டும் வழியும் திறந்திருந்தது.

'டேர்' 1981 அக்டோபரில் வெளிவந்து பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த ஆண்டு இறுதியில் 'டோன்ட் யூ வான்ட் மீ' தனிப்பாடலாக வந்து ஐந்து வாரங்கள் முதலிடத்தில் நின்றது. 1982 ஜூலையில் அமெரிக்காவிலும் முதலிடத்துக்கு ஏறியது. அந்தப் பாடல்மீது ஓக்கிக்கு நம்பிக்கையில்லாததால்தான் அது ஆல்பத்தின் கடைசியில் இடம்பெற்றது என்பது ரசிகர்கள் பலரும் அறிந்த கதை. உலகம் முழுவதும் ஹியூமன் லீக்கின் பெயர் ஒலித்துக்கொண்டிருந்தபோது அடுத்த ஆல்பத்துக்கான பாடல்கள் கையில் இல்லை. அந்த இடைவெளியில் வந்ததுதான் 'லவ் அண்ட் டான்சிங்'. வணிகத் தேவை இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. தேவையிலிருந்து பிறந்ததாலேயே ஒரு படைப்பு சிறுத்துவிடாது.

ரஷன்டுக்கு இந்த எண்ணம் வந்ததற்கு நியூயார்க்கின் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ்தான் தூண்டுதல். பிராங்க்ஸ் பகுதியின் தெருவிருந்துகளில் இரண்டு டர்ன்டேபிள்களை (இசைத்தட்டுச் சுழலிகளை) வைத்துக்கொண்டு, ஒரே பாட்டின் தாளப்பகுதியை மட்டும் மாற்றி மாற்றி ஓடவிட்டு முடிவில்லாமல் நீட்டிய கலைஞர் அவர். 1981இல் அவர் வெளியிட்ட 'வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்' பதிவில் ஷிக், குவீன், பிளாண்டி போன்ற குழுக்களின் தட்டுகளை அந்தந்த நொடியிலேயே கையால் கலந்து ஒரு புதிய இசையை உண்டாக்கினார். பிறருடைய பதிவுகளைக் கொண்டே ஒருவர் இசையமைக்க முடியும் என்பதை அந்த ஏழு நிமிடம் நிரூபித்தது. ஃபிளாஷ் தட்டின் மேல் விரலால் நொடியில் செய்ததை, ரஷன்ட் நாடாவில் பிளேடால் நாட்கணக்கில் செய்தார்.

இதற்கு இன்னும் முந்திய வேர்களும் உண்டு. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் கிங் டப்பி என்ற மின்பொறியாளர், எழுபதுகளின் தொடக்கத்திலேயே ரெகே பாடல்களின் குரலை நீக்கி, டிரம்மையும் பேஸையும் முன்னிறுத்தி, குரலின் ஒரு துணுக்கை மட்டும் எதிரொலியில் மிதக்கவிட்டு 'டப்' என்ற இசைவகையையே உருவாக்கினார். மிக்ஸிங் கன்சோலை, அதாவது ஒலிகளைக் கலக்கும் மேசையை, ஓர் இசைக்கருவிபோல் வாசித்த முதல் மேதை அவர் என்று தயங்காமல் சொல்லலாம். நியூயார்க்கின் டிஸ்கோ உலகில் டாம் மோல்டன் பாடல்களை நடனத்துக்கேற்ப நீட்டிக் கலந்தார். 12 அங்குலத் தட்டு பிறந்ததும் அவரது வேலையிலிருந்துதான். சிறிய தட்டில் நீண்ட பாடலைப் பொறித்தால் கோடுகள் நெருங்கி, ஒலி மெலிந்து, பேஸ் செத்துவிடும். பெரிய தட்டில் அதே பாடலைப் பொறிக்கும்போது கோடுகள் அகன்று, ஒலி உரத்து, பேஸ் நெஞ்சில் இடிக்கும். லண்டனிலும் ஷெஃபீல்டிலும் நியூ வேவ் குழுக்கள் 12 அங்குலத் தட்டுகளை வெளியிடத் தொடங்கியபோது இந்த இரண்டு மரபுகளும் அவற்றோடு கூடவே வந்தன. ஹியூமன் லீக்கின் 'லவ் ஆக்‌ஷன்' 12 அங்குலத் தட்டிலேயே 'ஹார்ட் டைம்ஸ்' என்ற பாடலோடு இடைவெளியின்றிப் பிணைந்து வந்தது. 'லவ் அண்ட் டான்சிங்' அதே 'ஹார்ட் டைம்ஸ்' பாடலில்தான் தொடங்குகிறது. 'டேர்' ஆல்பத்தில் இல்லாத பாடல் அது.

இனி பிளேடு. எண்பதுகளின் கடைசியில் சில ஆண்டுகள் ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தில் உதவியாளனாக இருந்தபோது ஸ்பூல் நாடாவை வெட்டி ஒட்டும் வேலையைக் கற்றுக்கொண்டேன். இந்த ஆல்பத்தை நான் கேட்கும் விதத்தை மாற்றியது அந்த வேலைதான். இரண்டு ஸ்பூல்களையும் இரு கைகளால் பற்றி மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால், நாடா ஒலித்தலையின் மேல் உரசி, பாட்டு ஓர் உறுமலாகக் கேட்கும். டிரம்மின் அடி தொடங்கும் அந்தப் புள்ளியில் உறுமல் திடீரென்று தடிக்கும். அங்கே மஞ்சள் மெழுகுப் பென்சிலால் நாடாவின் முதுகில் ஒரு கோடு. பிறகு நாடாவை அலுமினியப் பள்ளத்தில் படியவைத்து, சாய்ந்த வாய்க்காலில் பிளேடை இழுக்க வேண்டும். நேராக வெட்டினால் இணைப்பில் 'டக்' என்ற சத்தம் கேட்கும். சாய்த்து வெட்டினால் பழைய ஒலி விலக விலகப் புதிய ஒலி நுழையும். பிளேடில் காந்தம் ஏறியிருந்தாலும் அந்த 'டக்' வந்துவிடும் என்பதால் அடிக்கடி புது பிளேடு மாற்றுவோம். இரண்டு முனைகளையும் இடைவெளியில்லாமல் சேர்த்து வைத்து, பின்பக்கம் வெள்ளை ஒட்டுநாடாவை ஒட்டி, விரல் நகத்தால் தேய்க்க வேண்டும். நன்றாகப் பழகியவருக்கு ஓர் இணைப்புக்கு இரண்டு மூன்று நிமிடம். எனக்குப் பத்து நிமிடம் ஆகும். தவறினால் அந்தத் துண்டைத் தரையிலிருந்து பொறுக்கி எடுத்து மறுபடி ஒட்ட வேண்டும்.

'லவ் அண்ட் டான்சிங்' ஆல்பத்தில் இத்தகைய வெட்டுகள் 2,600-க்கும் மேல். அந்த எண்ணை முதன்முதலில் படித்தபோது நான் நம்பவில்லை, பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நொடிக்கு 30 அங்குலம் ஓடும் நாடாவில், நிமிடத்துக்கு 120 தாள அடிகள் கொண்ட பாடல் பதிவாகியிருந்தால் ஒரு தாள அடிக்கு 15 அங்குல நாடா. அதில் நாலில் ஒரு பங்கு, அதாவது நம் கணக்கில் ஓர் அடிக்குள் வரும் 'த-க-தி-மி' என்ற நான்கு எழுத்தில் ஓர் எழுத்துக்கு, நாலு அங்குலத்துக்கும் குறைவு. ஓக்கியின் குரலில் ஒரே அசை 'ட-ட-ட-ட' என்று திக்குவதாகக் கேட்கும் இடத்தில், அந்த அசையின் பல படிகளை நாடாவில் எடுத்து, விரல் நீளத் துண்டுகளாக அறுத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டியிருக்க வேண்டும். இன்று கைப்பேசியில்கூட ஒரு பொத்தானை அழுத்தினால் கிடைக்கும் அந்தத் திக்கல் ஒவ்வொன்றும், ஒருவர் மேசையில் குனிந்து உட்கார்ந்து செய்த கைவேலை. தாளம் இயந்திரக் கணக்கில் சீராக இருந்ததால்தான் அளவுகோலையும் பிளேடையும் நம்பி இத்தனை வெட்டுகளைச் செய்ய முடிந்தது. எம்.சி-8இல் எண்களைத் தட்டிய உழைப்புக்கு இங்கே இன்னொரு பலன் கிடைத்தது.

கன்சோலில் நடந்த வேலையும் இதற்குக் குறைந்ததல்ல. ஸ்னேர் டிரம்மின் ஓர் அடியை மட்டும் எதிரொலிக்கு அனுப்பிவிட்டு உடனே மூடுவது, பேஸைத் தவிர எல்லாவற்றையும் ஒரே நொடியில் அணைப்பது, ஒளிந்திருந்த ஒரு சிந்தசைசர் வரியை மெல்ல மேலே கொண்டுவருவது போன்றவற்றை நாடா ஓட ஓடக் கையால் செய்து, அவற்றில் நன்றாக அமைந்தவற்றைத் தேர்ந்து வெட்டிச் சேர்ப்பார்கள். டப் மரபின் அதே கைப்பழக்கம் இது. வேறுபாடு ஒலியின் குணத்தில் இருக்கிறது. கிங் டப்பியின் எதிரொலி வெப்பமும் ஈரமும் கொண்டது, கலங்கிப் பரவுவது. ரஷன்டின் எதிரொலி கண்ணாடிபோலத் துலக்கமானது, சொன்ன இடத்தில் தொடங்கிச் சொன்ன இடத்தில் நிற்பது.

'டோன்ட் யூ வான்ட் மீ' மறுகலவையை எடுத்துக்கொள்வோம். மூலப்பாடல் ஒரு சிறு நாடகம். மதுக்கூடத்தில் பரிமாறிக்கொண்டிருந்த பெண்ணைத் தானே உயர்த்திவிட்டதாக உரிமை கொண்டாடி ஆண் பேசுகிறான். நீ இல்லாவிட்டாலும் நான் உயர்ந்திருப்பேன் என்று சூசன் ஆன் சல்லியின் குரலில் அவள் பதில் சொல்கிறாள். கதையும் வாதமும்தான் அந்தப் பாட்டின் உயிர். ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் மறுகலவையில் கதை சொல்லும் வரிகள் பெரும்பாலும் இல்லை. வாதம் போய்விட, அந்த அடித்தளத்துப் பேஸும், முகப்பில் வரும் சிந்தசைசர் வரியும், குரல்களின் சில துண்டுகளும் மட்டும் மிஞ்சுகின்றன. முதல் தடவை கேட்டபோது பாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்றே எனக்கும் தோன்றியது. பலமுறை கேட்டபின் வேறொன்று புலப்பட்டது. கதை போனபின் எஞ்சுவது கெஞ்சல் மட்டும். யார் சொல்வது சரி என்ற வழக்கு மறைந்து, விடைபெற மனமில்லாத ஒருவரின் ஏக்கம் நடன தாளத்தின் மேல் திரும்பத் திரும்ப வந்து மோதுகிறது. சொற்களைக் குறைத்து உணர்ச்சியைக் கூட்டிய இந்தச் செயலை இசையமைப்பு என்றல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

'செகண்ட்ஸ்' இதற்கு நேர்மாறான அனுபவம். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி 1963இல் சுட்டுக்கொல்லப்பட்டதைப் பற்றிய பாடல் அது. 'டேர்' ஆல்பத்தில் அதன் கனம் கூடிக்கொண்டே போய் நம்மை அழுத்தும். ரீமிக்ஸ் வடிவம் சுருக்கமானது, அந்த அழுத்தம் சேர அவகாசம் கிடைப்பதில்லை. ஆல்பத்தில் எனக்குக் குறையாகப்படும் இடம் இது. 'டூ ஆர் டை' மறுகலவையில் மூலத்தைவிட உயிர் பெற்றது என்பேன். 'டேர்' ஆல்பத்தில் அவ்வளவாக மனத்தில் நிற்காத அந்தப் பாடலின் தாளக்கட்டு எத்தனை அடுக்குகள் கொண்டது என்பது, மேலே இருந்ததையெல்லாம் எடுத்தபின்தான் தெரிகிறது. 'திங்ஸ் தட் ட்ரீம்ஸ் ஆர் மேட் ஆஃப்' நன்றாகவே இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை.

ஆல்பத்தை ஹியூமன் லீக் என்ற பெயரில் வெளியிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உறையில் இருக்கும் பெயர் 'தி லீக் அன்லிமிட்டெட் ஆர்கெஸ்ட்ரா'. பேரி ஒயிட் எழுபதுகளில் நடத்திய 'லவ் அன்லிமிட்டெட் ஆர்கெஸ்ட்ரா' என்ற டிஸ்கோ வாத்தியக் குழுவுக்கு இது வணக்கம். நாற்பது பேர் கூடி வாசித்த இடத்தில் இங்கே ஒரு கன்சோலும் ஒருவரும். குழு தன் வழக்கமான பெயரை இதற்குக் கொடுக்காதது நேர்மையான முடிவு என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் வாங்குபவருக்கு இது அடுத்த ஹியூமன் லீக் ஆல்பம் அன்று என்பது உறையிலேயே தெரிந்துவிடும். விலையையும் வழக்கமான ஆல்பத்தைவிடக் குறைவாகவே வைத்தார்கள். உங்கள் கேள்வியில் உள்ள மனக்குறைக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது. 1982 ஜூலையில் வெளியான இந்த ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது. குரலே பெரும்பாலும் இல்லாத ஒரு தட்டுக்கு அது மிகப் பெரிய இடம். அந்த ஆண்டின் பிரிட் விருதுகளில் சிறந்த தயாரிப்பாளர் விருதும் ரஷன்டுக்குக் கிடைத்தது.

இதுதான் முதல் ரீமிக்ஸ் ஆல்பமா என்றால், இல்லை. ஹாரி நில்சன் என்ற அமெரிக்கப் பாடகர் தன் தொடக்ககால ஆல்பங்கள் இரண்டை 1971லேயே மறுகலவை செய்து ஒரே ஆல்பமாக வெளியிட்டார். ஜமைக்காவின் டப் ஆல்பங்கள் எழுபதுகளில் வரிசையாக வந்தன. நியூ வேவ் வட்டத்திலேயே அமெரிக்காவின் பி-52ஸ் குழு 1981இல் 'பார்ட்டி மிக்ஸ்' என்று ஆறு பாடல்களை நடனத்துக்காக நீட்டித் தந்தது. சாஃப்ட் செல் என்ற இருவர் குழுவினர் 'நான் ஸ்டாப் எக்ஸ்டாட்டிக் டான்சிங்' என்ற தட்டை 'லவ் அண்ட் டான்சிங்' வருவதற்குச் சற்று முன்பு வெளியிட்டார்கள். ஆனால் அதில் 'வாட்' போன்ற புதிய பதிவும் உண்டு. முன்பு பதிவான ஒலிகளை மட்டுமே கொண்டு, ஒரே கையால், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே எண்ணத்தோடு செய்த நியூ வேவ் ஆல்பம் என்ற வகையில்தான் ரஷன்டின் வேலை தனித்து நிற்கிறது.

பின்னால் வந்தவற்றோடு ஒப்பிடும்போது இது இன்னும் தெளிவாகும். பெட் ஷாப் பாய்ஸ் 1986இல் வெளியிட்ட 'டிஸ்கோ' மிக நல்ல ஆல்பம், ஆனால் ஆர்தர் பேக்கர், ஷெப் பெட்டிபோன் என்று வெவ்வேறு ரீமிக்ஸ் கலைஞர்களின் வேலைகள் சேர்ந்த தொகுப்பு அது. தி கியூர் குழு 1990இல் 'மிக்ஸ்டு அப்' ஆல்பத்தைத் தயாரித்தபோது வேறொரு சிக்கல் எழுந்தது. சில பழைய பாடல்களின் மூல நாடாக்கள் கிடைக்கவில்லை. அதனால் 'எ ஃபாரஸ்ட்', 'தி வாக்' என்ற இரண்டையும் புதிதாகவே பதிவு செய்ய நேர்ந்தது. நாடா இல்லையேல் மறுகலவையும் இல்லை என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டாம். ஜெனடிக் கூடத்தில் 'டேர்' பதிவுகளின்போது ரஷன்டுக்கு உதவிய டேவ் ஆலன்தான் பின்னாளில் தி கியூர் குழுவின் 'டிஸ்இன்டக்ரேஷன்' உள்ளிட்ட ஆல்பங்களின் தயாரிப்பில் பங்கேற்றார்.

ரஷன்டுக்கும் குழுவுக்கும் இடையிலான உறவு நீடிக்கவில்லை. அடுத்த ஆல்பத்துக்கான பணிகள் இழுபட்டு, மனத்தாங்கல் முற்றி, அவர் பாதியிலேயே விலகினார். 1984இல் வெளியான 'ஹிஸ்டீரியா' வேறு தயாரிப்பாளர்களோடு முடிந்தது, 'டேர்' பெற்ற அளவு வரவேற்பைப் பெறவில்லை. ரஷன்ட் 2011இல் காலமானார்.

எப்படிக் கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆல்பங்களும் ஒரே குறுந்தட்டில் சேர்ந்தும் வெளிவந்திருக்கின்றன, அது கிடைத்தால் நல்லது. ஆனால் ஒன்று முடிந்ததும் மற்றதைத் தொடர்ந்து கேட்காதீர்கள். மூலப்பாடலின் குரல் காதில் இருக்கும்வரை மறுகலவை குறையுள்ளதாகவே தோன்றும். சில நாள் இடைவெளி விட்டு, கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் அல்லாமல் பேஸ் முழுமையாக இறங்கும் ஒலிபெருக்கியிலோ நல்ல ஹெட்ஃபோனிலோ, 'ஹார்ட் டைம்ஸ்' தொடங்கி 'லவ் ஆக்‌ஷன்' வழியாக 'டோன்ட் யூ வான்ட் மீ' முடியும் வரை, தட்டின் முதல் பக்கத்தை ஒரே மூச்சில் கேளுங்கள். குரல் திக்கும் இடம் வரும்போதெல்லாம், விரல் நீளத்துக்கு அறுத்த பழுப்பு நிற நாடாத் துண்டுகள் வெள்ளை ஒட்டுநாடாவில் வரிசையாக ஒட்டப்பட்டு ஒலித்தலையைக் கடந்து ஓடுவதை மனக்கண்ணில் பார்த்துக்கொண்டே கேளுங்கள்.